நிக்கிற பாட்டில், படுத்த பாட்டில்

உரிமை என்ற சொல்லைக் கேட்டாலே இப்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அந்தச் சொல் என்ன பாவம் செய்தது என்று நீங்கள் கேட்கலாம். ஒரு பாவமும் செய்யவில்லை. என் அப்பா தாராவியில் போட்ட தகரக் கொட்டகையை முனிசிபாலிட்டிக்காரர்கள் பிய்த்துப் போடப் போட, மறுபடி மறுபடி நட்டு, கடைசியில் தண்ணீர்க் குழாயும் ரேஷன் கார்டும் வாங்கியது அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான். இந்தியில் ஹக் என்பார், தமிழில் உரிமை என்பார். அதனால்தான் எனக்குக் கோபம் கூடுதலாக வருகிறது. நம் வீட்டு அரிவாள்மனையை இரவல் வாங்கிப்போய் நம் கையையே நறுக்கிவிட்டு, சாமான் உங்களுடையதுதானே என்று ஒருவன் கேட்டால் எப்படி இருக்கும்? அப்படி இருக்கிறது எனக்கு.

நான் இப்போது செம்பூரில் இருக்கிறேன். கல்யாணமாகி வந்த ஊர் என்று சொல்லலாம், பஸ் ஏறினால் தாராவி வந்துவிடும் என்றாலும். ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை. அப்பா கட்டிய வீட்டில் அண்ணனும் மதினியும் இருக்கிறார்கள். கீழே ஒரு அறை, இரும்பு ஏணியில் ஏறினால் மேலே ஒரு அறை. அண்ணன் தோல் பை தைக்கும் காரக்கானாவில் மாஸ்டர். மதினி மாட்டுங்காவில் ஒரு வீட்டில் சமையல் வேலை பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நான் அங்கே போய்விடுவேன். மதினி வைக்கிற மீன் குழம்புக்காக என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். அதுவும் உண்மைதான்.

அண்ணன் குடிகாரன். இப்படி எழுத எனக்குக் கூச்சமில்லை, அவனே தன்னை அப்படித்தான் சொல்லிக்கொள்வான். கல்யாணமான புதிதில் சனிக்கிழமை மட்டும் என்று ஆரம்பித்தது, பிறகு கிழமை பார்க்காமல் ஆகிவிட்டது. தையல் மெஷினில் கை நடுங்கி, தோலைப் பாழாக்கி, சேட் இரண்டு முறை துரத்திவிட்டு மறுபடி கூப்பிட்டுக்கொண்டார். அவனைப் போலக் கைப்பிடி தைக்க ஆளில்லை என்பதால்தான். கடைசியில் மதினி அவனை வடாலாவில் ஒரு கூட்டத்துக்கு அழைத்துப் போனாள். குடியை விட்டவர்கள் வாரா வாரம் வட்டமாக உட்கார்ந்து ஒருவருக்கொருவர் தம் கதையைச் சொல்லிக்கொள்கிற கூட்டம். எப்படியோ அது அவனுக்குப் பிடித்துப்போனது. ஒரு வருடத்துக்கு மேல் ஒரு சொட்டுக்கூடத் தொடவில்லை. அண்ணனுக்குக் கன்னத்தில் சதை வைத்தது, மதினிக்குச் சிரிப்பு வந்தது, நான்கூட ஞாயிற்றுக்கிழமை கதவைத் தட்டுமுன் வாசலில் நின்று உள்ளே என்ன சத்தம் என்று காது கொடுக்கும் பழக்கத்தை விட்டேன்.

அந்தக் கூட்டத்தில் அவனுக்குச் சொல்லித் தந்த முக்கியமான பாடம், கடை இருக்கும் பக்கம் போகாதே என்பது. நாக்கா என்கிற நாற்சந்தியில் ஒரு பழைய பார் உண்டு. அதன் வாசலைத் தாண்டாமலிருக்க அண்ணன் காரக்கானாவிலிருந்து ஊரைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வருவான். கால் வலித்தாலும் சுற்றுவான். அவனுடைய மன உறுதி எல்லாம் அந்தச் சுற்று வழியில்தான் இருந்தது.

அப்புறம் கல்லி என்று நாங்கள் சொல்லும் எங்கள் சந்தின் முனையில் இருந்த மாவு மில் மூடப்பட்டு, அந்த இடத்தில் தேசி தாருக் கடை வந்தது. அரசாங்க லைசென்ஸோடு விற்கிற நாட்டுச் சரக்கு. பச்சை பெயிண்ட் அடித்த ஷட்டர், உள்ளே ஸ்டீல் மேசை, வாசலில் சுண்டல்காரன். எங்கள் கல்லிக்கு ஒரே வாய்தான். பின்னால் நாலா என்கிற சாக்கடைக் கால்வாய், இரண்டு பக்கமும் சுவர். தண்ணீருக்கும் கக்கூஸுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வேலைக்கும் அந்த முனையைத் தாண்டித்தான் ஆகவேண்டும். ஷட்டர் மேலே போனால் கடையின் படி பாதி வழியை எடுத்துக்கொள்ளும். வரிசையில் நிற்கிறவர்களின் தோளை உரசாமல் ஒரு பெண் உள்ளே வர முடியாது. பள்ளிக்கூடத்திலிருந்து நாடா பிடித்து அளந்து பார்த்தார்களாம், சட்டப்படி தூரம் சரியாக இருக்கிறதாம்.

முதல் வாரமே மதினி கிளம்பிவிட்டாள். அவளுக்குப் பெரிய தைரியசாலி என்ற பெயரெல்லாம் கிடையாது. பஸ்ஸில் கண்டக்டர் மீதிச் சில்லறை தராவிட்டால் கேட்கக்கூடத் தயங்குவாள். ஆனால் அந்த ஷட்டரைப் பார்த்ததும் அவளுக்குள் என்னவோ ஆயிற்று. வீடு வீடாகப் போய்ப் பெண்களைக் கூட்டினாள். கடை முன்னால் உட்கார்ந்தார்கள். "குடி நிக்கணும், குடி நிக்கணும்" என்று கத்தினார்கள். அது அவள் கண்டுபிடித்த கோஷம். போலீஸ் வந்து எழுப்பியது, மறுநாள் மறுபடி உட்கார்ந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை நானும் போய் உட்கார்ந்து தொண்டை கட்டும்வரை கத்திவிட்டு வந்தேன்.

அங்கேதான் கட்சிகள் உள்ளே வந்தன. முதலில் வந்தது கடைக்கு ஆதரவான கட்சி இல்லை. எங்களுக்கு ஆதரவாக ஒரு கட்சி வந்தது, அதன் மகளிர் அணித் தலைவி. மராட்டிப் பெண், கஞ்சி போட்ட காட்டன் புடவை, இந்தியும் மராட்டியும் கலந்த சுறுசுறுப்பான பேச்சு. அவள்தான் சட்டத்தை விளக்கினாள், அதை மட்டும் முழு மராட்டியில்; பள்ளிக்கூட ஆபீசில் பழகியதால் எனக்குப் புரிந்தது. மகாராஷ்டிராவில் இப்படி ஒரு வழி இருக்கிறது. வார்டில் இருக்கிற பெண்களில் நான்கில் ஒரு பங்கு கையெழுத்துப் போட்டுக் கேட்டால், கடை வேண்டுமா வேண்டாமா என்று பெண்களிடம் ஓட்டு எடுப்பார்கள். சீட்டில் இரண்டு படம் இருக்கும். ஒரு பாட்டில் நிற்கும், இன்னொன்று படுத்திருக்கும். நிற்கும் பாட்டில் என்றால் கடை இருக்கட்டும் என்று அர்த்தம். படுத்த பாட்டில் என்றால் கடையை மூடு. பதிந்திருக்கிற பெண்களில் பாதிக்கு மேல் படுத்த பாட்டிலுக்குக் குத்தினால் மட்டுமே கடை மூடும். வீட்டிலேயே இருந்துவிட்டவள் எல்லாம் கடைக்காரன் பக்கம் என்றுதான் கணக்கு.

மராட்டியில் படுத்த பாட்டிலுக்கு "ஆட்வீ பாட்லீ" என்று பெயர். எங்கள் பெண்கள் அதையும் கோஷமாக்கிக்கொண்டார்கள். "குடி நிக்கணும்" ஒரு தடவை, "ஆட்வீ பாட்லீ" ஒரு தடவை. ஆட்வீ என்றால் என்ன என்று கேட்டவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. தாராவியில் நாங்கள் அர்த்தம் தெரியாமல் பேசும் மராட்டி கொஞ்சநஞ்சமில்லை, காரியம் நடந்தால் போதும் என்று விட்டுவிடுவோம்.

கையெழுத்து சேர்ந்தது, ஓட்டுக்குத் தேதி வந்தது. உடனே அடுத்த கட்சி மேடை போட்டது. பேச வந்தவர் எங்கள் ஊர்ப்பக்கத்து ஆள், திருநெல்வேலிக்காரர். எல்லாரும் அண்ணாச்சி என்போம். வெள்ளைச் சட்டை, கையில் இரண்டு போன். கடைக்காரனுக்கும் அவருக்கும் என்ன உறவு என்பதை நான் இங்கே எழுதப்போவதில்லை, எங்கள் கல்லியில் பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூட அது தெரியும். அவர் சாராயம் நல்லது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் சாணியைக் கரைத்து ஊற்றியிருப்பார்கள். அவர் பேசியது முழுக்க உரிமையைப் பற்றி.

"ஒருத்தன் தட்டுல என்ன இருக்கணும், தம்ளர்ல என்ன இருக்கணும்னு சொல்லுததுக்கு இவங்க யாரு? என்ன உடுத்தணும், யாரக் கட்டணும், என்ன குடிக்கணும், எல்லாம் தனி மனுசனோட உரிமை. பணக்காரன் ஏசி ரூம்ல குடிச்சா சுதந்திரம், ஒழைச்சுக் களைச்சு வாரவன் ஒரு கிளாஸ் போட்டா மட்டும் குத்தமா?"

எனக்கே கை தட்டத் தோன்றியது. அதுதான் என் வயிற்றெரிச்சல். அந்த வரிகளில் ஒவ்வொன்றையும் நான் வேறு இடத்தில் சொல்லியிருக்கிறேன். என் அண்ணன் பெரிய மகள் தான் விரும்பிய பையனைக் கட்டியபோது சொந்தக்காரர்களிடம் நான் சொன்னதும் இதே பேச்சுதான். எங்கள் சட்டியில் என்ன கறி வேகிறது என்று எட்டிப் பார்த்துக் கும்பல் சேர்த்தார்களே, அப்போது தட்டைப் பற்றிப் பேச இந்த அண்ணாச்சி வரவில்லை. போன் அடித்துப் பார்த்தோம், எடுக்கவில்லை. இப்போது தம்ளருக்கு மட்டும் வந்துவிட்டார்.

கூட்டம் முடியும்போது கேள்வி இருந்தால் கேளுங்கள் என்றார்கள், ஒரு பேச்சுக்கு. நான் எழுந்தேன்.

"அண்ணாச்சி, குடிக்கிறது யாரோட உரிமைன்னு நான் கேக்கல. வேற வழியே இல்லாத கல்லியோட வாயில இந்தக் கடையக் கொண்டுவந்து வெச்சது சரியா தப்பா? அத மட்டும் சொல்லுங்க."

அவர் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தார். பிறகு கையை எடுத்துவிட்டுச் சொன்னார்: "தங்கச்சி, சரி தப்பு சொல்லுததுக்கு நான் என்ன சாமியாரா? ஒங்க உரிமைய ஒங்க கையில குடுக்கோம். அதுக்கு மேல ஒங்க பாடு."

கூட்டம் சிரித்தது. நான் உட்கார்ந்தேன். 

சரி, இவர் கடைக்காரன் ஆள், இப்படித்தான் பேசுவார். எங்கள் பக்கத்துத் தலைவி என்ன கிழித்தாள்? அவளுக்கும் மேடை போட்டோம். அவள் பெண்களின் உரிமை, பெண்கள் தீர்மானிக்கும் உரிமை, பெண்களின் ரகசிய ஓட்டுரிமை என்று விரல் விட்டுச் சொன்னாள். கடையைப் பற்றி ஒரு சொல் கிடையாது. இறங்கி வந்ததும் மதினி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். மதினிக்குப் பம்பாய் இந்தி தெரியும், ஆனால் பதற்றத்தில் தமிழ்தான் வந்தது. நான் மொழிபெயர்த்தேன். "கடை வந்தது தப்புன்னு மேடைல ஒரே ஒரு வார்த்தை சொல்லிருங்கக்கா. ஆம்பளைங்களும் கேட்டுட்டு இருக்காங்க."

தலைவி மதினியின் தோளைத் தட்டினாள். "தேகோ அக்கா, பீனேவாலே பீ தோ வோட்டர் ஹைன்." குடிக்கிறவர்களும் ஓட்டர்கள்தானே என்றாள். தன் கட்சி கடைக்கு எதிரியும் இல்லை, குடிக்கிறவருக்கு எதிரியும் இல்லை, பெண்கள் தங்கள் விருப்பத்தைச் சொல்லும் உரிமைக்காக மட்டுமே நிற்கிறது என்று இந்தியில் நிதானமாக விளக்கினாள். எந்த முடிவு வந்தாலும் அது பெண்களின் வெற்றி என்றாள். பிறகு போட்டோ எடுத்துக்கொண்டாள். மதினி நடுவில் நின்றாள்.

போகும்போது இன்னொன்றும் சொல்லிவிட்டுப் போனாள். யாரும் யாருக்கும் எங்கே குத்த வேண்டும் என்று சொல்லித்தரக் கூடாது. யாருக்குக் குத்தினாய் என்று கேட்கவும் கூடாது. ஒவ்வொருத்தியின் ஓட்டும் ஒவ்வொருத்தியின் தனி உரிமை. எங்கள் பெண்கள் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார்கள். குழம்பில் புளி போட்டாயா என்பதைக்கூட நான்கு வீட்டுக்குக் கேட்கும்படி பேசிக்கொள்கிறவர்கள், அந்த ஒரு விஷயத்தில் மட்டும் வாயைப் பூட்டிக்கொண்டார்கள்.

தனி மனிதன் என்கிறார்களே, அவன் எங்கே இருக்கிறான் என்று எனக்குப் புரியவில்லை. எங்கள் கல்லியில் இல்லை. தனியாக இருக்க முதலில் ஓர் அறை வேண்டும். ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் ஆயுசு நூறு என்கிறார்கள், சுவர் அவ்வளவு மெல்லிசு. அங்கே ஒருவன் குடித்தால் அவன் மட்டும் குடிப்பதில்லை. அடி வாங்குகிறவள் இருக்கிறாள், மேல் அறையில் போர்வைக்குள் காதைப் பொத்திக்கொள்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள், அடுத்த வீட்டில் டிவி சத்தத்தைக் கூட்டிவைக்கிறவர்கள் இருக்கிறார்கள். இவர்கள் எல்லாரையும் கழித்துவிட்டு ஒரே ஒருவனை எடுத்து மேடையில் நிறுத்தி, பாருங்கள் இவனுடைய சுதந்திரத்தை என்று காட்டுகிறார்கள். என் அண்ணன் குடிக்காமலிருக்க நினைக்கிறானே, அதற்கு அவனுக்கு ஒரு சுற்று வழி வேண்டியிருந்ததே, அதை எந்த உரிமையில் சேர்ப்பார்கள்? அதைப் பற்றிப் பேச ஒரு கட்சியும் மேடை போடவில்லை.

என் வீட்டுக்காரர் எப்போதாவது பீர் குடிப்பார். செம்பூரில் எங்கள் தெருவிலும் ஒயின் ஷாப் இருக்கிறது, கண்ணாடிக் கதவு, குளுகுளு வெளிச்சம். அதை மூடு என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. பிடிக்காதவர் எதிர்ப்பக்க நடைபாதையில் போய்விடலாம். எதிர்ப்பக்க நடைபாதை இருக்கிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு பேசுகிற பேச்சு இதெல்லாம்.

மாட்டுங்கா வீட்டிலும் இதே கதைதான். ஓட்டுக்குப் போக வேண்டும், காலையில் வர முடியாது என்று மதினி கேட்டிருக்கிறாள். அந்த வீட்டுப் பெரியவர் பாலக்காட்டுக்காரர், பெரிய கம்பெனியில் இருந்து ஓய்வு பெற்றவர், பொல்லாத மனிதர் இல்லை. பேப்பரை மடித்துக்கொண்டே சொன்னாராம்: "லீவ் எடுத்துக்கோ, அதுக்கென்ன. ஆனா ஒண்ணு சொல்றேன், இதெல்லாம் அவாவா பர்சனல் சாய்ஸ் இல்லையோ? குடிக்காதேன்னு கவர்ன்மென்ட் எப்படிச் சொல்லலாம்?" அவர்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்துக்கு ஒரு பார் ரெஸ்டாரன்ட் வரப் பார்த்தது. குடியிருப்போர் சொசைட்டிக் கூட்டத்தில் ஒரே சாயங்காலத்தில், காபி ஆறுவதற்குள், முடியாது என்று தீர்த்துவிட்டார்கள். அன்றைக்கு அந்தக் கூட்டத்துக்கு முறுக்கு சுட்டுக் கொடுத்தவளே மதினிதான். அவர்களுக்கு ஓட்டும் தேவைப்படவில்லை, பாட்டில் படமும் தேவைப்படவில்லை. பர்சனல் சாய்ஸ் என்று யாரும் அங்கே வாயைத் திறக்கவில்லை.

ஓட்டு நாளன்று எனக்குப் பள்ளிக்கூடத்தில் வேலை. என் ஓட்டும் செம்பூரில்தான், அந்த வார்டில் எனக்கு இடமில்லை. மத்தியானம் மதினி போன் செய்தாள். கூட்டம் நல்ல கூட்டம், நம்ம கல்லியில் ஒருத்தி பாக்கியில்லை, சீத்தா கேம்ப்புக்கு வாழப் போனவள்கூடப் பேர் இங்கே இருப்பதால் கைக்குழந்தையோடு வந்து குத்திவிட்டுப் போனாள் என்றாள். அவள் குரலில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அண்ணன் கல்யாணத்துக்குப் பிறகு கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை வஞ்சிர மீன் வாங்கப்போகிறேன் என்றாள்.

முடிவு வந்தது. படுத்த பாட்டில் தோற்றது, கொஞ்ச வித்தியாசத்தில். கடைக்கு மாலை போட்டார்கள். பேண்டு வாத்தியம் கல்லி முனையில் சாயங்காலம்வரை அடித்தது. மறுநாள் இரண்டு பேனர் தொங்கின. அண்ணாச்சி கட்சியின் பேனரில், தங்கள் உரிமையை நிலைநாட்டிய தாய்மார்களுக்கு நன்றி என்று தமிழில் இருந்தது. மகளிர் அணியின் பேனரில், தங்கள் உரிமையைப் பயன்படுத்திய சகோதரிகளுக்கு வாழ்த்து என்று மராட்டியில் இருந்தது. அதில் மதினியின் போட்டோவும் இருந்தது. இரண்டு பேனரையும் ஒரே கம்பத்தில் கட்டியிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது மீன் இல்லை. மதினி ஏணிப்படியில் உட்கார்ந்திருந்தாள். கல்லியில் எல்லாப் பெண்களும் ஓட்டுப் போட்டார்கள், பக்கத்துக் கல்லிகளிலும் நம் ஆட்கள்தான், பின்னே எப்படித் தோற்றது என்று எனக்கு விளங்கவில்லை. பெட்டியை மாற்றிவிட்டார்களோ என்றுகூட நினைத்தேன்.

"பெட்டியெல்லாம் மாத்தலட்டி" என்றாள் மதினி. "நாங்க எல்லாரும் சரியாத்தான் குத்துனோம். நிக்கிற பாட்டிலுக்குத்தான் குத்துனோம்."

அது கடை இருக்கட்டும் என்கிற படம் இல்லையா என்று கேட்டேன்.

"நிக்கணும்லா? குடி நிக்கணும்னுதான இத்தன நாளும் கத்துனோம். ஓட்டுக்கு மொத நாளு சாயங்காலம் ஆட்டோல மைக்கு கெட்டி, நிக்கணுமா, நிக்கிற பாட்டிலுக்குக் குத்துங்கன்னு தமிழ்லயே சொல்லிட்டுப் போனாவ. நம்ம கட்சி ஆட்டோன்னு நெனச்சோம். படுத்துக் கெடக்க பாட்டிலு குடிச்சிட்டு விழுந்து கெடக்கதுல்லா? அதுக்கு யாராவது குத்துவாவளா?"

தலைவி மராட்டியில் விளக்கியது எனக்குப் புரிந்ததுபோல இவர்களுக்கும் புரிந்திருக்கும் என்று நான் இருந்துவிட்டேன். மழை நின்றுவிட்டது என்றால் மழை இல்லை என்று அர்த்தம். கரண்ட் நின்றது, சண்டை நின்றது, அந்த வீட்டுக் கல்யாணம் நின்றுபோச்சு. எங்கள் வாயில் நிற்பது என்றால் முடிந்துபோவது. மராட்டிக்காரிக்கு நிற்கும் பாட்டில் என்றால் கடை நிமிர்ந்து நிற்கிறது. எங்களுக்கு நிற்கும் பாட்டில் என்றால் குடி நின்றுவிட்டது. சீட்டை அச்சடித்தவனுக்கு இது தெரியாது, அவனைக் குற்றம் சொல்ல மாட்டேன். மகளிர் அணித் தலைவிக்கும் தெரியாது. ஆனால் ஒருவருக்கு நன்றாகத் தெரியும். ஆட்டோவில் மைக் கட்டி அனுப்பியவருக்கு. அவருக்கும் தாய்மொழி இதுதான்.

அந்தப் பெண்கள் ஒருத்திக்கொருத்தி வாயைத் திறந்திருந்தால் போதும், எவளாவது ஒருத்தி, ஏட்டி அது அப்படியில்லை என்று சொல்லியிருப்பாள். மராட்டி ஸ்கூலில் படித்த பெண்கள் அந்தக் கல்லியில் இல்லையா என்ன? சொல்லவிடாமல் செய்தது அந்தத் தனி உரிமைதான். ஒவ்வொருத்தியும் தன் உரிமையை முந்தானையில் முடிந்துகொண்டு தனித்தனியாகப் போய், தனித்தனியாக ஒரே தப்பைச் செய்துவிட்டு வந்திருக்கிறாள்.

நான் நேராகக் கட்சி ஆபீசுக்குப் போனேன். அண்ணாச்சி உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை.

"நான் பொய் சொன்னேனா தங்கச்சி?" என்றார். குரல் உயரவே இல்லை. "கடை நிக்கணும்னா நிக்கிற பாட்டிலு. சட்டத்துல அதான இருக்கு. நீயே எடுத்துப் பாரு."

"கடைன்னு நீங்க சொல்லல. வெறும் நிக்கணுமான்னு கேட்டீங்க. நம்ம ஊர்ப் பொம்பளைங்க அத எப்படி எடுத்துப்பாங்கன்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

"அவங்க எப்படிப் புரிஞ்சிக்கிடுதாங்கங்கது அவங்கவங்க உரிமை. அதுல நான் தலையிட முடியுமா?" போன் அடித்தது. எடுத்துக்கொண்டே கையைக் காட்டினார். "டீ சொல்லிருக்கேன், குடிச்சிட்டுப் போ."

அந்தச் சிரிப்பை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கை பரபரக்கிறது. மகளிர் அணித் தலைவிக்குப் போன் செய்தேன். ரகசிய ஓட்டு, யார் எதற்குக் குத்தினார்கள் என்று இப்போது பேசுவதே சட்டப்படி தவறு என்று அறிவுரை சொல்லி வைத்துவிட்டாள். மறுபடி ஓட்டுக் கேட்க வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டுமாம்.

அதற்குப் பிறகு மதினி ஓர் ஏற்பாடு செய்துகொண்டாள். மாட்டுங்காவில் சமையலை முடித்துவிட்டு நேராகக் காரக்கானா வாசலுக்குப் போய் நிற்பாள். அண்ணன் வந்ததும் இரண்டு பேரும் சேர்ந்து நடப்பார்கள். கடை முனை வரும்போது அவள் அவன் வலது பக்கம் மாறிக்கொள்வாள், கடைக்கும் அவனுக்கும் நடுவில். கல்யாணமான புதிதில்கூட இவர்கள் இப்படிக் கைகோத்து நடக்கவில்லையே என்று கல்லியில் கேலி செய்தார்கள். அண்ணனும் சிரித்துக்கொண்டு வருவான். மழைக்காலம்வரை அது நடந்தது. பிறகு ஒரு நாள் தண்டவாளத்தில் தண்ணீர் ஏறி ரயில் ஓடவில்லை, பஸ்ஸும் இல்லை. மதினி மாட்டுங்காவிலிருந்து முழங்கால் தண்ணீரில் நடந்து வந்து சேர்வதற்குள் அண்ணன் தனியாக வீட்டுக்குக் கிளம்பிவிட்டிருந்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பகல் நான் போயிருந்தபோதே அவன் கடையிலிருந்து வந்தான். சட்டை பொத்தான் மாறிப் போட்டிருந்தான். மதினி சோற்றைத் தட்டில் வைத்துக்கொண்டே, வடாலாவுக்கு இந்த வாரமாவது வாங்க என்றாள், கெஞ்சலாகத்தான். அவன் தட்டைத் தள்ளினான்.

"எதுக்கு வரணும்? என் ஒடம்பு, என் ஒழைப்பு. குடிக்கது என் உரிமை." விரலை நீட்டினான். "நிக்கிற பாட்டிலுக்குக் குத்துனவ நீதானளா? இப்ப என்ன?"

என் அண்ணன் வாயில் உரிமை என்ற சொல்லை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அப்பா எவ்வளவோ கூப்பிட்டும் ஒரு கூட்டத்துக்கும் போகாதவன் அவன். மேடைக்குக் கீழே எங்கோ நின்று கேட்டிருக்கிறான். எழுந்து அவன் சட்டையைப் பிடிக்கப் போனேன். மதினி என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். அவன் ஏணி ஏறி மேலே போய்ப் படுத்துக்கொண்டான். அவள் தட்டில் இருந்த சோற்றைத் திரும்பப் பானையில் போட்டாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை.

"முன்னல்லாம் குடிச்சிட்டு வந்தா என் காலப் புடிச்சிட்டு அழுவாவ" என்றாள். "தப்புதான் தாயி, தப்புதான்னு விடியுத வர சொல்லுவாவ. அந்த ஒரு வார்த்தையப் புடிச்சித்தான் வடாலாவுக்குக் கூட்டிட்டுப் போனேன். இப்ப தப்புன்னே சொல்ல மாட்டேங்காவளே. இனி எதப் புடிச்சிக் கூட்டிட்டுப் போவேன், சொல்லு."